ஐந்து பவுணும் ஒரு தெருக்கடையும்: அவுஸ்திரேலியாவில் பிள்ளைப்பேற்றுக் காசின் கதை

1912ஆம் ஆண்டு அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் பிள்ளைப்பேற்றுக் கொடுப்பனவுச் சட்டம் என்றொரு சட்டத்தை நிறைவேற்றியது. அன்ட்ரூ ஃபிஷர் தலைமையிலான தொழிற்கட்சி ஆட்சி. பிள்ளை பெறும் தாய்க்கு அரசாங்கம் ஐந்து பவுண் காசு கொடுக்கும். அன்றைக்கு அது சிறிய தொகையல்ல. 1907இல் ஒரு நீதிபதி, சாதாரண தொழிலாளி ஒருவன் குடும்பத்தோடு மானமாகச் சீவிக்க இவ்வளவு வேண்டும் என்று விதித்த கூலி வாரத்துக்கு 42 ஷில்லிங். அந்தக் கணக்கிற் பார்த்தால் ஐந்து பவுண் இரண்டு வாரக் கூலிக்கும் மேல். டொக்டருக்கோ மருத்துவிச்சிக்கோ கொடுக்கத் தாயின் கையில் காசு இருக்கவேண்டும் என்பதுதான் நோக்கம். கலியாணம் ஆகாத தாய்மாருக்கும் கொடுக்கவேண்டும் என்று சட்டம் சொல்லிற்று. சமயவாதிகள் கொதித்தெழுந்தார்கள், ஒழுக்கக்கேட்டுக்குச் சன்மானமா என்று கேட்டார்கள். ஃபிஷர் அசையவில்லை.

ஒழுக்கத்தின் பெயரால் போடப்பட்டிருந்த வேலியை இவ்வளவு துணிச்சலோடு பிடுங்கிய அதே சட்டம், பக்கத்தில் இன்னொரு வேலியை நட்டது. ஆசியப் பெண்களுக்கும், அவுஸ்திரேலியா, பப்புவா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் ஆதிக்குடிப் பெண்களுக்கும் இந்தக் காசு கிடையாது. ஒரே பிரிவு, ஒரே வசனம். வெள்ளைப் பிள்ளைகளின் தொகை குறைகிறது என்ற பயம் அப்போது நாட்டை ஆட்டிக்கொண்டிருந்தது. நியூ சவுத் வேல்ஸில் பிறப்புவீதம் குறைவதை விசாரிப்பதற்கென்றே 1903இல் ஓர் அரச விசாரணைக்குழு வைத்தார்கள் என்றால் அந்தப் பயத்தின் அளவு விளங்கும்.

எம்மவர் அந்த வசனத்தை அன்று வாசித்திருக்க நியாயமில்லை. யாழ்ப்பாணத்தார் மலாயாவின் றெயில்வேக்கும் கந்தோர்களுக்கும் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. அவுஸ்திரேலியாவின் கதவோ 1901இலேயே நிறத்தவருக்குச் சாத்தப்பட்டுவிட்டது. ஆனால் இன்று வெஸ்ட்மீட்டிலும் டன்டினோங்கிலும் பிள்ளை பெறுகிற நாம், சட்டத்தின் பாஷையில் அந்த வசனத்தின் முதற்பாதிக்கு உரியவர்கள். இரண்டாம் பாதிக்கு உரியவர்களின் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். பிள்ளைப்பேற்றுக்கான காசு யாருடைய கையால் போகவேண்டும் என்ற கேள்வியை இந்த நாட்டில் விடாமற் கேட்டவர்கள் அவர்கள்தாம். எவ்வளவு காசு என்ற கேள்வியைவிட அது பெரிய கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

அந்த வேலி ஒரேநாளில் விழவில்லை. 1942இல், மாநிலங்களின் "பாதுகாப்பு" சட்டங்களிலிருந்து விலக்குப் பெற்ற ஆதிக்குடிப் பெண்களுக்கு மட்டும் கொடுப்பனவு திறந்துவிடப்பட்டது. விலக்கு என்றால் ஒரு பத்திரம். இவர் தன் இனத்தாரோடு சேர்ந்து வாழ்வதை விட்டுவிட்டார், "நாகரிகமடைந்துவிட்டார்" என்று ஓர் உத்தியோகத்தன் கையெழுத்து வைக்கவேண்டும். ஐந்து பவுணுக்காக அக்காவின் வீட்டுக்குப் போவதை நிறுத்தவேண்டும் என்றால் எத்தனை பேர் நிறுத்துவார்கள்? 1959இல் சட்டம் மறுபடி திருத்தப்பட்டபோது, நாடோடிகளாகவோ "ஆதிநிலையிலோ" வாழ்பவர்கள் தவிர மற்றெல்லோருக்கும் உண்டு என்று ஆயிற்று. அந்தத் தவிர்ப்பும் 1966இல்தான் நீங்கியது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உரிமை என்று எழுதப்பட்ட பிறகும் காசைத் தாயின் கையிலேயே கொடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. மிஷன் நிலையங்களிலும் மாட்டுப் பண்ணைகளிலும் இருந்த ஆதிக்குடிகளின் கொடுப்பனவுகளை மிஷனுக்கோ பண்ணைக்கோ செலுத்தச் சட்டம் இடம் வைத்திருந்தது. தாயின் பெயரில் காசு வரும்; கணக்குப் புத்தகம் துரையிடம் இருக்கும். மலைநாட்டுத் தோட்டங்களின் கதை தெரிந்த வாசகர்களுக்கு இதை மேலும் விளக்கவேண்டியதில்லை.

காசு கொடுக்கப் பின்னின்ற அரசு, பிள்ளையை எடுத்துக்கொள்ள முன்னின்றது. நியூ சவுத் வேல்ஸில் 1915ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், ஆதிக்குடிகள் பாதுகாப்புச் சபைக்கு ஒரு பிள்ளையைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமலும் நீதிமன்றம் போகாமலும் பிரித்தெடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. அந்தச் சபை 1969 வரை இருந்தது. 1910க்கும் 1970க்கும் இடையில் ஆதிக்குடிப் பிள்ளைகளில் மூன்றில் ஒன்றுக்கும் பத்தில் ஒன்றுக்கும் இடைப்பட்ட தொகையினர் இப்படிப் பிரிக்கப்பட்டார்கள் என்று 1997இல் வெளிவந்த விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. நாட்டுப்புற ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ஆதிக்குடிப் பெண்களுக்குத் தனி வார்ட், சில இடங்களில் விறாந்தையில் கட்டில். இவ்வளவையும் பார்த்த ஒரு கிழவி, பேத்தி கர்ப்பமானதும் நேரகாலத்தோடு கிளினிக்குக்குப் போ என்று சொல்வாளா? பேர் பதிந்தால் வெல்ஃபெயர்காரனுக்குத் தெரிந்துவிடும். வயிறு மூடியிருக்கும்வரை பிள்ளை அவளுடையது. "ஆதிக்குடிப் பெண்கள் கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் பிந்தி வருகிறார்கள்" என்று மருத்துவ அறிக்கைகள் ஆண்டாண்டாக எழுதிவந்தன. ஏன் பிந்தினார்கள் என்பதற்கான விடை அறிக்கை எழுதிய அரசாங்கத்தின் பழைய கோப்புகளிலேயே இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் சிட்னி றெட்பேர்ணின் கதை வருகிறது.

1960களில் நியூ சவுத் வேல்ஸின் நாட்டுப்புறங்களிலிருந்து வேலை தேடி ஆதிக்குடிகள் திரளாகச் சிட்னிக்கு வந்து, சென்றல் புகையிரத நிலையத்துக்கு அண்மையிலுள்ள றெட்பேர்ணில் நெருங்கிக் குடியேறினார்கள். பொலிஸ் தொல்லை தாங்காமல் 1970இல் அவர்கள் தமக்கென ஒரு சட்ட உதவி நிலையம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு, 1971 ஜூலையில், றீஜன்ட் தெருவில் ஒரு கடை முகப்பில் ஆதிக்குடிகள் மருத்துவ சேவை திறக்கப்பட்டது. ஆதிக்குடிகள் தாமே தொடங்கி, தாமே நிர்வகித்த முதலாவது மருத்துவ நிலையம் இதுதான். கோர்டன் பிரிஸ்கோ என்ற ஆதிக்குடி இளைஞர், "மம் ஷேர்ள்" என்று ஊரெல்லாம் அழைத்த ஷேர்லி ஸ்மித், ரொறெஸ் நீரிணைத் தீவுகளின் வழிவந்த தாதி டல்ஸி ஃபிளவர், பின்னாளிற் கண் சிகிச்சையால் உலகப் பெயர் பெற்ற பேராசிரியர் ஃபிறெட் ஹொலோஸ் போன்றவர்கள் சேர்ந்து செய்த காரியம். டொக்டர்கள் சம்பளம் வாங்காமல் முறைவைத்து வந்தார்கள். மிச்சச் செலவு நன்கொடை.

இதை நாம் ஒரு தருமாஸ்பத்திரி என்று எண்ணிவிடக்கூடாது. டொக்டர்கள் பெரும்பாலும் வெள்ளையர். ஆனால் நிர்வாக சபையில் இருந்தவர்கள் ஆதிக்குடிகள். டொக்டரை வைத்திருப்பதா அனுப்புவதா என்று தீர்மானித்தவர்கள் அவர்கள். வாசலில் இருந்து பேரைக் கேட்டு எழுதியவள், வந்தவளின் ஒன்றுவிட்ட சகோதரியாகவோ ஊர்க்காரியாகவோ இருந்தாள். பல ஆண்டுகள் இந்த நிலையத்தை நடத்திய நெயோமி மேயர்ஸ் ஒரு காலத்தில் "சஃபயர்ஸ்" என்ற பாட்டுக்குழுவிற் பாடியவர். மேடையில் பாடியவரிடம் மருத்துவ நிலையத்தை ஒப்படைப்பதா என்று கந்தோர்க் கனவான்கள் நெற்றியைச் சுருக்கியிருக்கலாம். அதே நெயோமி மேயர்ஸ்தான் பின்னர் ஆதிக்குடிகளின் தேசிய சுகாதாரத் திட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

மெல்பேர்ணில் 1973இல் ஃபிற்ஸ்றோயின் கேட்றூட் தெருவில் விக்டோரிய ஆதிக்குடிகள் சுகாதார சேவை தொடங்கியது. இதன் முன்கதை இன்னும் சுவையானது. எட்னா பிறவுண் என்ற மூதாட்டி, ஆதிக்குடிகள் அநாதைப் பிணங்களாகப் புதைக்கப்படுவதைப் பொறுக்காமல், அவர்களின் செத்தவீட்டுச் செலவுக்கென ஒரு நிதி நடத்திவந்தவர். அவருடைய மகள் அல்மா தோர்ப் சுகாதார நிலையத்தைத் தொடங்கியவர்களில் முன்னணியில் நின்றவர். எங்கள் ஊர்களின் மரண சகாய நிதிச் சங்கங்களை நினைத்துப் பாருங்கள். சாவுக்குச் சேர்த்த கை, பிறப்புக்கும் சேர்த்தது. பிச்சைக்காரப் புதைகுழி வேண்டாம் என்ற மானமும், பிச்சைக்காரப் பிரசவம் வேண்டாம் என்ற மானமும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை.

1967 சர்வசன வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் ஆதரவளித்த பிறகு, ஆதிக்குடிகளுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது. 1972இல் விற்லம் ஆட்சி ஏறியதும் ஆதிக்குடிகள் விவகாரத் திணைக்களம் உருவாகிப் பணமும் வரத்தொடங்கியது. பணத்தோடு தொல்லையும் வந்தது. ஆண்டுதோறும் விண்ணப்பம், ஆண்டுதோறும் கணக்கு. அடுத்த வருடம் கிடைக்குமா என்று தெரியாமல் ஒரு மருத்துவிச்சியை எப்படி வேலைக்கு அமர்த்துவது? ஒன்பது மாதம் வயிறு சுமக்கிற காரியத்துக்குப் பன்னிரண்டு மாதக் காசு. ஒரு பெண் முதற்பிள்ளைக்கு நம்பிக்கை வைத்த தாதி, இரண்டாம் பிள்ளைக்கு வரும்போது இருக்கமாட்டாள்.

1989இல் நெயோமி மேயர்ஸின் குழு தந்த தேசிய ஆதிக்குடிகள் சுகாதாரத் திட்டம் நல்ல ஆவணம். ஐந்தாண்டு கழித்து, 1994இல் அதை மதிப்பிட்டவர்கள், அது ஒருநாளும் சரியாக நடைமுறைக்கு வரவில்லை, எல்லா அரசாங்கங்களும் போதிய பணம் ஒதுக்கவில்லை என்று எழுதினார்கள். 1995இல் ஆதிக்குடிகளின் சுகாதாரப் பணம் அவர்களுடைய தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணைக்குழுவிடமிருந்து மத்திய சுகாதாரத் திணைக்களத்துக்கு மாற்றப்பட்டது. சமூக மருத்துவ நிலையங்களே இந்த மாற்றத்தைக் கேட்டு நின்றன என்பதைச் சிலர் முரண்பாடாகப் பார்ப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆணைக்குழுவின் சின்னப் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பதைவிட, நாட்டின் எல்லா மக்களுக்குமான பெரிய சுகாதாரப் பெட்டியில் தமக்கும் பங்கு உண்டு என்று அவர்கள் கேட்டார்கள். பங்கை வாங்குவது வேறு, நிர்வாகத்தைக் கொடுத்துவிடுவது வேறு.

பிள்ளைப்பேற்றைப் பொறுத்தமட்டில், சிட்னித் தமிழர் அறியவேண்டிய இடம் மவுண்ட் டிரூயிற். ரூங்காபி, செவன் ஹில்ஸ், பிளக்டவுண் என்று எம்மவர் வீடு வாங்கிக் குடியேறிய புகையிரதப் பாதையிலேயே இன்னும் சில தரிப்பிடங்கள் மேற்கே போனால் வரும் ஊர். வீடு விலை பேசும்போது "அந்தப் பக்கம் வேண்டாம்" என்று எம்மவர் சொல்லும் பக்கம். அங்கே டாறுக் ஆதிக்குடிகள் மருத்துவ சேவை என்றொரு நிலையம் இருந்தது. 1990 அக்டோபரில் அவர்கள் கர்ப்பவதிகளுக்கென ஒரு திட்டம் தொடங்கினார்கள். திட்டம் என்று பெரிய பெயர் சொன்னாலும் செய்தது எளிய காரியம். ஒரு மருத்துவிச்சியும் ஓர் ஆதிக்குடிச் சுகாதார ஊழியரும் சோடியாக வேலை செய்தார்கள். வாகனம் இல்லாதவளை வாகனத்தில் ஏற்றிவந்தார்கள். வராதவளைத் தேடி வீட்டுக்குப் போனார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தாலும் தெரிந்த முகத்தைக் கைவிடவில்லை.

1996 டிசம்பர் வரை 245 பெண்களின் 339 கர்ப்பங்களைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்கு வந்தவர்கள் டாறுக்கில் 36 சதவீதம். அதே பகுதியின் இரண்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குப் போன ஆதிக்குடிப் பெண்களில் 21, 26 சதவீதம். பிள்ளைகளின் நிறையில் பெரிய வித்தியாசம் காணவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். ஏழு மாதக் கவனிப்பு ஏழு தலைமுறை வறுமையின் நிறையைக் கூட்டிவிடாது. ஆனால் அரசாங்கம் இத்தனை காலமும் முடியாது என்று சொன்ன ஒன்று, பெண்கள் தாமாகவே நேரத்தோடு வருவது, முடிந்தது.

இன்று டாறுக் என்ற பெயரில் அங்கே நிலையம் இல்லை. அதன் முறை மட்டும் பரவிவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் அரசு 2001இல் மருத்துவிச்சியும் ஆதிக்குடி ஊழியரும் சோடியாக வேலைசெய்யும் அதே ஏற்பாட்டை முதலில் ஏழு இடங்களில் ஆரம்பித்து, பின் மாநிலமெங்கும் விரித்தது. விக்டோரியாவில் 2000ஆம் ஆண்டிலிருந்து கூரி தாய்மைச் சேவைகள் பெரும்பாலும் ஆதிக்குடி ஸ்தாபனங்களின் ஊடாகவே நடக்கின்றன. நன்கொடையில் நடந்து காட்டியதை அரசு பிறகு தன் கொள்கையாக எழுதிக்கொள்கிறது. அப்படி எழுதும்போது பழைய பெயர்கள் உதிர்ந்துவிடுகின்றன. வரலாறு எழுதுபவனுக்கு மிஞ்சுவது அந்த உதிர்ந்த பெயர்களைப் பொறுக்குகிற வேலைதான்.

2017இல் மெல்பேர்ணில் இன்னொரு காரியம் நடந்தது. கர்ப்பம் தொடங்கிப் பிள்ளை பெற்றுச் சில வாரங்கள்வரை ஒரே மருத்துவிச்சி ஒரு பெண்ணைக் கவனிக்கும் முறை பல காலமாகவே பெரிய ஆஸ்பத்திரிகளில் இருந்தது. நல்ல முறை, ஆனால் இடம் குறைவு. முந்திக் கேட்பவளுக்குக் கிடைக்கும். முந்திக் கேட்பவள் படித்த, வாகனம் உள்ள, ஆங்கிலம் தடுமாறாத பெண்ணாகவே இருப்பாள். ஆதிக்குடிப் பெண்களில் மிகச் சிலருக்கே அது கிடைத்திருந்தது. றோயல் விமென்ஸ் ஆஸ்பத்திரி உட்பட்ட ஆஸ்பத்திரிகளும் லா ற்றோப் பல்கலைக்கழகமும் விக்டோரிய ஆதிக்குடிகள் சுகாதார ஸ்தாபனங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து, அவர்களுக்கென இடம் ஒதுக்கி அந்த முறையைக் கொடுத்தன. இந்நிலத்தின் வொய்வுறுங் மொழியில் "பகறூக் யுறொங்கி", பெண்ணின் பயணம், என்று பெயரிட்டார்கள். கேட்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சம்மதித்தார்கள். "அவர்களுக்கு விருப்பமில்லை" என்று அதுவரை சொல்லப்பட்டு வந்ததற்கு அதுவே பதில்.

காசுக்கணக்கில் மிகத் தெளிவான சாட்சி பிறிஸ்பேனிலிருந்து வந்தது. அங்கே 2013இலிருந்து இரண்டு ஆதிக்குடி ஸ்தாபனங்களும் மேற்றர் ஆஸ்பத்திரியும் சேர்ந்து நடத்தும் சேவையில், குறைமாதத்தில் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு மற்ற முறையில் கவனிக்கப்பட்டவர்களைவிட 38 சதவீதம் குறைந்தது என்று 2021இல் வெளியான ஆய்வு கூறியது. 2023இல் வந்த இன்னொரு கணக்கின்படி, ஒரு தாய்க்கும் பிள்ளைக்குமாக அரசாங்கத்துக்கு 4,810 டொலர் மிச்சம். வாகனம், வீட்டுக்குப் போகும் ஊழியர், கூடி இருந்து பேச ஓர் இடம் என்று இவ்வளவும் செய்த பிறகும் மிச்சம். காரணம் விளங்கக் கஷ்டமில்லை. குறைமாதப் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஆகும் செலவு, ஒரு வாகனச் சாரதியின் பல நாட் சம்பளம்.

இவ்வளவுக்குப் பிறகும் இடைவெளி மூடிவிடவில்லை. ஆதிக்குடிப் பெண்கள் பிள்ளைப்பேற்றோடு தொடர்பாக இறக்கும் வீதம் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினான்கு அளவில் குறைமாதம், மற்றவர்களில் எட்டு. 2031ஆம் ஆண்டுக்குள் ஆதிக்குடிப் பிள்ளைகளில் 91 சதவீதம் சரியான நிறையோடு பிறக்கவேண்டும் என்பது 2020இல் எல்லா அரசாங்கங்களும் ஒப்பமிட்ட இலக்கு.

சிட்னிக்குத் தெற்கே, கடற்கரையோரமாக ஏறக்குறைய 160 கிலோமீற்றரில் உள்ள நௌறாவில், வமின்டா என்ற ஆதிக்குடிப் பெண்கள் ஸ்தாபனம் தங்கள் மண்ணிலேயே பிள்ளை பெறுவதற்கு ஒரு நிலையம் கட்டப் பல ஆண்டுகள் முயன்றது. 2022இல் மத்திய அரசு 22.5 மில்லியன் டொலர் அறிவித்தது. கட்டடத்துக்குக் காசு வந்தாலும் வேறொரு பூட்டு இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே பிரசவம் பார்க்கும் மருத்துவிச்சிக்குத் தொழிற் காப்புறுதி கிடைக்காமல் இருந்தது. ஆகவே சமூக ஸ்தாபனம் ஒன்பது மாதமும் கவனிக்க முடிந்தது, பிறகு ஒரு மாதம் பாலூட்டப் பழக்க முடிந்தது. பிள்ளை பிறக்கும் அந்த மணித்தியாலங்களுக்கு மட்டும் பெண்ணை ஆஸ்பத்திரி வாசலில் ஒப்படைத்துவிட வேண்டியிருந்தது. 1912இல் வசனம் எழுதித் தடுத்தார்கள். பின்னாளில் காப்புறுதிப் பத்திரத்தின் சிற்றெழுத்து அதே வேலையைச் சத்தமில்லாமற் செய்தது. அண்மைக் காலத்திற்றான் மத்திய அரசு இந்தப் பூட்டைத் திறக்க முன்வந்தது.

இனி எம்மவர் பக்கம் வருவோம்.

சமூகம் தன் காசில், தன் நிர்வாகத்தில் ஆஸ்பத்திரி நடத்துவது எமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் 1898இல் இணுவிலில் திறக்கப்பட்ட மக்லியொட் ஆஸ்பத்திரி பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமானது. மிஷனரிமார் கடல்கடந்து திரட்டிய பணம். அங்கே பிறந்தவர்கள் இந்த இதழின் வாசகர்களிலும் இருப்பார்கள். பிள்ளை எங்களுடையது, காசும் சாவியும் மிஷனுடையவை. அதற்குச் சில பத்தாண்டுகளின் பின், 1930களில், மூளாயில் ஊரவர்கள் கூட்டுறவு முறையில் ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்கள். மலாயாவில் உழைத்துப் பென்சனோடு திரும்பியவர்கள் ஊரில் மலிந்திருந்த காலம். பங்குதாரர்கள் ஊரவர், டொக்டருக்குச் சம்பளம் கொடுப்பது சங்கம். றெட்பேர்ணின் கடை முகப்புக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்திய காரியம் இது. இதை எம்மவர் வரலாற்றில் எழுதும்போது "முதலாவது கூட்டுறவு ஆஸ்பத்திரி" என்ற பெருமையோடு நிறுத்திவிடுகிறோம். முதலாவது என்பதைவிட, சாவி யாரிடம் இருந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதே தீவில், அதே காலத்தில், மலைநாட்டுத் தோட்டங்களில் வேறு கதை. களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை கிராமந்தோறும் அரச மருத்துவிச்சியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இலங்கை தாய்மரணத்தைக் குறைத்த கதை உலகம் மெச்சும் கதை. ஆனால் லயத்துப் பெண்ணின் மருத்துவிச்சிக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் அவள் கொழுந்து எடுக்க எப்போது நிற்கவேண்டும், எப்போது திரும்பவேண்டும் என்பதையும் அதே நிர்வாகம்தான் தீர்மானித்தது. நாட்டின் சராசரி இறங்கிய பிறகும் தோட்டப்பகுதித் தாய்மாரும் சிசுக்களும் பல பத்தாண்டுகள் பின்தங்கியே இருந்தார்கள். 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்ட மக்களுக்கு அதைக் கேட்க வாக்கும் இல்லை. இந்த இடைவெளியை எம்மவரில் வடக்கும் கிழக்கும் எவ்வளவு கவனித்தன என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அவுஸ்திரேலியாவுக்கு வந்தோம். 1983க்குப் பிறகு வந்தவர்களில் இளம் பெண்கள் அதிகம். அம்மாவோ மாமியோ விசா கிடைத்து வந்தால் சரக்கு அரைப்பார். வராவிட்டால் தொலைபேசியில் பத்தியம் கேட்கவேண்டும். மெல்பேர்ணில் 1990களில் வியட்நாமிய, பிலிப்பைன்ஸ், துருக்கியப் பெண்கள் 318 பேரிடம், அவர்கள் பிள்ளை பெற்ற அனுபவத்தை அவரவர் மொழியிலேயே விசாரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். கலாசார வழக்கங்களைக் காப்பாற்றாததுதான் பெரிய குறையாக இருக்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். பெண்கள் சொன்னது வேறு. அன்பாகப் பேசுங்கள், நடப்பதை விளங்கச் சொல்லுங்கள், மதியுங்கள். வெள்ளைப் பெண்களும் இதைத்தான் கேட்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், இவர்களுக்கு அது குறைவாகக் கிடைத்தது. தமிழ்ப் பெண்களிடம் அந்த ஆய்வாளர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் அதிகம் மாறியிராது.

எம்மவரை நேரடியாகத் தொடும் கணக்கு 2017இல் வந்தது. விக்டோரிய மாநிலத்தின் பல ஆண்டுப் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், இலங்கையும் இந்தியாவும் உட்பட்ட தென்னாசியாவிற் பிறந்த தாய்மாருக்கு வயிற்றிலேயே பிள்ளை இறந்துபோகும் அபாயம் அவுஸ்திரேலியாவிற் பிறந்தவர்களைவிடக் கூட என்று கண்டார்கள். மாதம் நெருங்க நெருங்க அந்த அபாயம் எம்மவரில் முந்தி ஏறத்தொடங்குகிறது. கிளெய்ற்றனிலும் டன்டினோங்கிலும் ஆஸ்பத்திரிகளை நடத்தும் மொனாஷ் சுகாதார சேவை அதே ஆண்டில் தன் முறையை மாற்றியது. எல்லோருக்கும் 41 வாரத்தில் தொடங்கும் மேலதிகக் கண்காணிப்பைத் தென்னாசியாவிற் பிறந்த பெண்களுக்கு 39 வாரத்திலேயே கொடுப்பது என்று தீர்மானித்தது. அதன்பின் அந்தப் பெண்களிடையே இவ்வகை மரணங்கள் குறைந்தன என்று பின்னைய ஆய்வு ஒன்று கூறியது.

எங்கள் பெண்களின் உடம்பிலேயே ஏதோ வேறு என்று சொல்கிறார்களா, இது பழைய இனவாதத்தின் புது முகம் அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். 1912இன் வசனமும் தாயின் இனத்தைத்தான் கேட்டது. ஆனால் அன்று கேட்டது காசைக் கொடுக்காமல் விடுவதற்கு. இன்று கேட்பது இரண்டு வாரம் முந்திப் பார்ப்பதற்கு. இந்த வித்தியாசத்தை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. எனக்குள்ள குறை வேறு. ஆதிக்குடிகளின் விடயத்தில் ஒவ்வொரு மாற்றத்தின் பின்னாலும் ஒரு நிர்வாக சபை, ஒரு கூட்டமைப்பு, கதவைத் தட்டிய ஒரு பெண் இருந்தாள். பகறூக் யுறொங்கியை ஆஸ்பத்திரிகள் தொடங்கமுன் அவர்களின் கூட்டமைப்போடு மேசையில் இருந்து பேசவேண்டியிருந்தது. எங்கள் விடயத்தில் நல்ல மனதுள்ள சில மருத்துவர்கள் தரவுகளைப் பார்த்துத் தாமாகவே தீர்மானித்தார்கள். பேறுகாலம் நெருங்கிய பெண்ணிடம், அந்த 39 வாரத்தைத் தமிழில், அவள் பயந்துபோகாதபடி யார் விளங்கப்படுத்துவது என்பது அந்தந்த நாளில் கிடைக்கும் மொழிபெயர்ப்பாளரைப் பொறுத்தது.

எம்மிடம் சங்கங்கள் இல்லாமல் இல்லை. கோவில் கட்டினோம், பாடசாலைகளின் பெயரில் ஆண்டுதோறும் விருந்து வைத்துப் பணம் சேர்க்கிறோம், ஊரில் வெள்ளம் என்றால் ஒரே வாரத்தில் கொள்கலன் நிரப்புகிறோம். நாளைக்கு அந்த மருத்துவர்கள், உங்கள் பெண்களுக்கு இந்தச் சேவையை எப்படி நடத்தலாம், நிர்வாகத்தில் யார் இருக்கவேண்டும் என்று கேட்டு வந்தால், எந்தக் கதவைத் தட்டச் சொல்லி அனுப்புவோம்? கோவிற் சபையையா, பழைய மாணவர் சங்கத்தையா?